ஒரு பாட்டில் ஆப்பிள் பட்டருக்கு நான் போட்ட கையெழுத்து

சார்,

இன்று காலை என் மனைவிக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். பால் பாக்கெட்டுக்கும் தேங்காய்த் துருவல் டப்பாவுக்கும் நடுவில் செருகியிருந்த உங்கள் எவர்சில்வர் தட்டு விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு இட்லி வைக்கிற அளவுள்ள சின்னத் தட்டு. விளிம்பில் உங்கள் மனைவியின், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரின், பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதை எங்கள் வீட்டில் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வருகிற வியாழக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். தட்டை எடுக்க எனக்கும் தோன்றவில்லை, திருப்பிக் கேட்க அக்காவுக்கும் தோன்றவில்லை.

விரலில் ஒட்டிய தட்டைத் தண்ணீர் விட்டுப் பிரித்தெடுத்துவிட்டு, ஐஸைக் கொடுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். நாற்பது வருடமாக அடுத்தவர்களைப் பற்றி எழுதிய கை. உங்களுக்கு எழுத வேண்டிய ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதற்குப் பிழைதிருத்தம் என்று பெயர் வைக்கலாம்.

நாம் பழகத் தொடங்கியதே ஒரு பிழைதிருத்தத்தில்தான். ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அயனம்பாக்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு நீங்கள் குடிவந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏரிக்கரையில் மரக்கன்று நட்டதைப் பற்றி நான் எழுதிய செய்தியோடு வந்து கதவைத் தட்டினீர்கள்.

"நாப்பது கன்னுன்னு எழுதியிருக்கீங்க சார். முப்பத்தெட்டுதான் இருக்கு. வாக்கிங் போறப்ப எண்ணினேன்."

"ரெண்டை ஆடு தின்னிருக்கும்" என்றேன்.

"குழியே முப்பத்தெட்டுதான். ஆடு குழியையும் தின்னுமா?"

மறுநாள் போய் எண்ணினேன். முப்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் பத்திரிகையில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அதை நீங்கள் படித்தீர்கள். மாலையில் கதவைத் தட்டி, "நாளைக்கு வாக்கிங் வரீங்களா, நிருபரே?" என்று மட்டும் கேட்டீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு நிருபர். நீங்கள் எனக்கு சார்.

முப்பது வருடத்துக்கு மேல் நீங்கள் செய்த வேலை, வேறொருவர் லேத்தில் கடைந்து கொடுத்த இரும்புத் துண்டைக் கையில் வாங்கி, அளவு கருவியை வைத்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது. நீங்கள் அதைப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் காய்கறிக் கடையில் நீங்கள் ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற விதத்தில் அது தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் படும். ஒரு முழுச் சுற்று. பிறகு கூடைக்கு, அல்லது பழைய இடத்துக்கே. எதையும் தூக்கிப் போட்டதில்லை.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த பிறகு, கதிர்வீச்சு சிகிச்சை முடிகிற வரையில், நீங்கள் ஒரு நாளும் குரல் தாழ்த்திப் பேசவில்லை. சிகிச்சை வெற்றி என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. பேச முடியாது. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். கணக்கு டீச்சராக இருந்தவர். எழுத்து எப்போதும் நேர்கோட்டில் நிற்கும். கஞ்சியை வைத்தால் 'மணல்' என்று எழுதுவார். மோரை வைத்தால் 'துரு'. நான்கு வாரத்தில் ஏழு கிலோ குறைந்துவிட்டார்.

அந்தப் புதன்கிழமை மருத்துவமனைக்கு நானும் வந்திருந்தேன். மருத்துவர் நல்லவர், சுற்றிவளைக்காமல் பேசுகிறவர்.

"அடுத்த புதன்கிழமை எடை பாப்போம்மா. இன்னும் இறங்கியிருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். 'குழாய் வேண்டாம்.' அடியில் இரண்டு கோடு. தாளை மருத்துவரிடம் நீட்டவில்லை. உங்களிடம் நீட்டினார். நீங்கள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டீர்கள். "என்னதான் சாப்பிடத் தோணுது? எது வேணாலும் சொல்லு. இல்லாததா இருந்தாலும் பரவால்ல."

வெகுநேரம் யோசித்து எழுதினார். 'அந்த ஊர்ப் பக்கத்து வீட்டம்மா கொடுத்த பழுப்பு ஆப்பிள்.'

உங்களுக்கு மட்டும் புரிந்தது. கல்யாணமான புதிதில், சிம்லா பக்கம் ஒரு ராணுவப் பணிமனைக்கு உங்களை இரண்டு வருடம் அனுப்பியிருந்தார்கள். குளிர்காலம் தொடங்கும் முன் பக்கத்து வீட்டு அம்மா ஒரு ஜாடியைக் கொண்டுவந்து கொடுப்பாராம். மொழி தெரியாததால் பெயர் கேட்கவில்லை. என்னிடம் அதை விவரித்தீர்கள். "ஜாம் மாதிரி, ஆனா ஜாம் இல்ல. அல்வா மாதிரி, ஆனா நெய் இல்ல. கட்டியே கிடையாது. நாக்குல வச்சா அதுவா இறங்கும்."

கண்டுபிடிப்பது என் தொழில். சிம்லாவில் முன்பு வேலை பார்த்த ஒரு சக நிருபருக்குப் போன் செய்தேன். அவர் தன் பழைய வீட்டுக்காரம்மாவைக் கேட்டுச் சொன்னார். பெயர் ஆப்பிள் பட்டர். இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு, முறையை ஒரு பக்கத்தில் எழுதி உங்களிடம் கொடுத்தேன். ஆப்பிளைத் தோலோடு நறுக்கி வேகவைக்க வேண்டும். மசித்துச் சல்லடையில் தேய்க்க வேண்டும். சர்க்கரை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அடிகனமான பாத்திரத்தில், இருப்பதிலேயே சின்னத் தீயில், நாலைந்து மணி நேரம் கிளறியபடி சுண்டவிட வேண்டும். பதம் பார்க்க, ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு கரண்டி விட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். விளிம்பில் தண்ணீர் கசிந்தால் இன்னும் ஆகவில்லை.

கடைசி வரியைப் படித்ததும் உங்கள் முகம் மாறியது. "இது சரி. இதுல ஒரு டெஸ்ட் இருக்கு" என்றீர்கள். பிறகு தாளின் மேலே பார்த்தீர்கள். "வெண்ணெயே இல்லாததுக்கு யாரு பட்டர்னு பேரு வச்சது? எங்க செக்ஷன்ல இப்படிப் பேரு எழுதினா அன்னைக்கே மெமோ."

மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தருகே தள்ளுவண்டிப் பழக்காரரிடம் போனோம். எப்படியும் நறுக்கி வேகவைக்கப் போவதுதானே என்று அடிபட்ட ஆப்பிளாகப் பொறுக்கினீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்று சுற்றி, அடிபட்டது வேறு, அழுகியது வேறு என்று பிரித்தீர்கள். வண்டிக்காரர் பொறுமையாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்த மாறி திருப்பித் திருப்பிப் பாக்கற? ஜூஸ் கட போடப் போறியா?"

"வீட்ல ஒருத்தங்களுக்கு."

"ஒருத்தருக்கா? இவ்ளோ ஆப்பிளா?"

"சுண்டினா ஒரு பாட்டில்தான் வரும்."

அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை அடுப்பருகே நின்றீர்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது செங்கல் நிறமாகி, பிறகு புளி நிறத்துக்கு வந்தது. கடைசி ஒரு மணி நேரம் சேறு கொதிப்பதுபோலத் தெறித்து, உங்கள் முன்கையெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். என் மனைவி வந்து, "அண்ணே, நான் கிளறுறேன், நீங்க உக்காருங்க" என்றாள். "ஷிப்ட் முடியலம்மா" என்றீர்கள்.

மூன்று மணிக்கு மேல் ஒரு கிண்ணத்தை மூடியெடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றீர்கள். உள்ளே வரவில்லை.

"வாங்க சார், ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"செஞ்சவன் பாஸ் போடக் கூடாது. நான் இன்னைக்கு புரொடக்ஷன். நீங்கதான் இன்ஸ்பெக்ஷன். இன்ஸ்பெக்ஷன் ரூமுக்குள்ள புரொடக்ஷன் ஆளு வரக் கூடாது. முப்பது வருஷம் மத்தவனை வெளிய நிக்க வச்சேன், இப்ப என் முறை."

அதற்காகத்தான் அந்தத் தட்டு முந்தின நாளே எங்கள் ஃப்ரீசருக்கு வந்திருந்தது. ஒரு கரண்டி விட்டேன். ஒரு நிமிடம் பார்த்தேன். விளிம்பில் ஒரு துளிகூடக் கசியவில்லை. ருசி பார்த்தேன். அப்படி ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை. பட்டையும் கிராம்பும் பழத்தோடு சேர்ந்து மணத்தன. மீதியை நிரப்பிய பாட்டிலைக் கொண்டுவந்து, அதில் ஒட்டியிருந்த காகிதத் துண்டில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். போட்டேன். தேதியும் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் எதிர் வீட்டில் ஏதோ விழுகிற சத்தம். ஓடி வந்தேன். அக்கா நாற்காலியில் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கீழே ஸ்பூன். தாளில் எழுதக்கூட அவரால் முடியவில்லை. பட்டையும் கிராம்பும் எலுமிச்சையும் புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று, முறையை எழுதிக் கொடுத்த நானும் யோசிக்கவில்லை, ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்ட நானும் யோசிக்கவில்லை. இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்தேன். யாருடைய வாய்க்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவர் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாட்டிலோடு வந்தீர்கள். என் கையெழுத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

"தப்பு என்னோடது சார்" என்றேன்.

"தப்பு அளவு பாத்த கேஜோடது. ஆளை அப்புறம் பாக்கலாம். உங்க நாக்கு நல்ல நாக்கு. நல்ல நாக்கை வச்சு அவ நாக்குக்கு அளவு எடுத்தா எப்படி சரியா வரும்?"

நீங்கள் செருப்பை மாட்டச் சொன்னீர்கள். மறுபடி அதே தள்ளுவண்டி. இந்த முறை ஆப்பிளில் நல்ல இனிப்பான வகையாக, அடிபடாததாக எடுத்தீர்கள். பிறகு அன்னாசிப்பழத்தைக் காட்டினீர்கள்.

"இது நாக்கை அரிக்குமா?"

"உப்பு போட்டுத் தரேன் நைனா, அரிக்காது."

"உப்பு வேணாம். அரிக்கணும். நல்லா அரிக்கிற பழமாப் பாத்துக் குடு."

வண்டிக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார், இவரு நல்லாத்தான கீறாரு? இத்தினி வருசமா யாவாரம் பண்றேன், அரிக்கிற பழம் ஓணும்னு கேட்டு வந்த மொத ஆளு இவருதான்."

அன்று உங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். அடுப்பில் ஆப்பிள் சுண்டிக்கொண்டிருந்தது. பட்டை இல்லை, கிராம்பு இல்லை, எலுமிச்சை இல்லை. வெந்ததைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டியிருந்தீர்கள். நீங்கள் எழுந்து எழுந்து கிளறிவிட்டு வந்தீர்கள். நடுவில், பச்சை அன்னாசித் துண்டுகளை நான் தின்றேன், தண்டோடு, உப்பில்லாமல். நீங்களும் தின்றீர்கள்.

"நீங்க எதுக்கு சார்? செஞ்சவன் பாஸ் போடக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"நான் பாஸ் போட மாட்டேன். உங்க நாக்கு ஒழுங்கா ரணமாகியிருக்கான்னு பாக்க இன்னொரு நாக்கு வேணும். கேஜையே சரிபாக்க ஒரு மாஸ்டர் கேஜ் இருக்கணும்."

அரைப் பழத்துக்கு மேல் போனதும் நாக்கின் ஓரமெல்லாம் எரிந்தது. உதட்டோரம் வெடித்தது. எனக்கு 'ர' வரவில்லை. உங்களுக்கு 'ச' வரவில்லை. இரண்டு கிழவர்கள் தரையில் உட்கார்ந்து மழலை பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நீங்கள் சிவப்புக் கோடு போட்ட பழைய பாட்டிலை என் முன்னால் வைத்தீர்கள்.

"முதல்ல தெரிஞ்ச ரிஜெக்ட்டை வச்சுப் பாருங்க. அது ஃபெயில் ஆகலைன்னா கேஜ் வேலை செய்யலன்னு அர்த்தம்."

அரை ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தேன். மூன்று நாள் முன்பு மணத்த அதே பட்டை, அதே கிராம்பு. தணலை வைத்த மாதிரி இருந்தது. தண்ணீரைத் தேடி எழுந்து ஓடினேன். தண்ணீரும் எரிந்தது. குழாயடியில் குனிந்து நின்றபோதுதான், அக்காவுக்கு நான் எதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். நான் முகம் கழுவி முடிக்கிற வரையில் திரும்பவே இல்லை. அந்த மரியாதையை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

புதிய பாட்டில் மாலையில் தயாரானது. எங்கள் வீட்டில் ஃப்ரீசர் தட்டில் விட்டேன், கசியவில்லை. புண்ணான நாக்கில் வைத்தேன். இனிப்பு மட்டும் இறங்கியது. மறுபடி ஒரு ஸ்பூன். எரியவில்லை. நீங்கள் வாசலில்தான் நின்றீர்கள். என் முகத்தையே பார்த்தபடி இருந்தீர்கள். கையெழுத்துப் போட்டேன்.

அக்கா ஸ்பூனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம் உதடுகள் வீங்கியிருந்தன. வாயில் வைத்தார். கண்ணை மூடினார். விழுங்கினார். இன்னொரு ஸ்பூன். மூன்றாவது ஸ்பூனுக்குப் பிறகு தாளை எடுத்து எழுதினார். 'பரவாயில்லை.'

அன்றிலிருந்து கேழ்வரகுக் கஞ்சியிலும், தயிரிலும், மசித்த இட்லியிலும் அதைக் கலந்துதான் உள்ளே போனது. புதன்கிழமை எடை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. மருத்துவர் இன்னும் ஒரு வாரம் கொடுத்தார். அடுத்த புதனன்று நானூறு கிராம் ஏறியிருந்தது. குழாய்ப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனை வாசலில் நீங்கள் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அந்தத் தாளை எடுத்து, பிரித்து ஒரு முறை படித்துவிட்டு, கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டீர்கள். ஆட்டோவில் வரும்போது நீங்கள் பேசிய ஒரே வார்த்தை, "அடுத்த பேட்ச்ல இன்னும் ஒரு தரம் வடிகட்டிடலாம்."

ஏழு பாட்டில் செய்தீர்கள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு முறையும் அரைப் பழம் அன்னாசி. எட்டாவதற்குத் தேவைப்படவில்லை. அக்கா ரசஞ்சாதம் கேட்டுவிட்டார்.

அடுத்த வருடம், இதே மாதத்தில், காலை நடை முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அக்காதான் என் கதவைத் தட்டினார். குரல் திரும்பியிருந்தது. "தம்பி, கொஞ்சம் வாங்க" என்றார். என் தலை முழுக்க நரைத்த பிறகும் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

பிழைதிருத்தத்துக்கு வருகிறேன்.

போன வாரம் உங்கள் வருட நினைவுக்கு என்ன செய்யலாம் என்று பேசப் போனேன். ஆப்பிள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நேரம். ஒரு பாட்டில் நான் செய்து தரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "பட்டை கிராம்பு இல்லாம, எரியாத மாதிரி, சார் செஞ்ச அதே பக்குவத்துல."

அக்கா சிரித்தார். "எரியாத மாதிரியா? அதுவும் எரிஞ்சுது தம்பி."

எனக்குப் புரியவில்லை. "ரெண்டாவது பாட்டிலா? நான் நாக்குல வச்சுப் பாத்தேனே அக்கா."

"அன்னாசி தின்ன நாக்குல பாத்தீங்க. என் தொண்டை அதைவிட மோசம். முதல் பாட்டில் அளவுக்கு இல்ல. ஆனா எரிஞ்சுது. துப்பிடலாம்னுதான் நினைச்சேன்."

"அப்புறம் ஏன் துப்பலை?"

"நிமிந்து பாத்தேன். ரெண்டு பேரும் வாய் வீங்கிப்போய், பிள்ளைங்க ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நின்னுட்டிருந்தீங்க. நான் துப்பினா உங்க சார் என்ன பண்ணுவாரு? நேரா வண்டிக்காரன்கிட்டப் போயி இன்னொரு பழம் வாங்குவாரு. உங்களையும் தின்ன வைப்பாரு. அந்தப் பயத்துல முழுங்கினேன். ஒண்ணு இறங்கினதும் அடுத்தது இறங்கிடுச்சு."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அந்தப் பாட்டிலுக்கும் கோடு போட்டிருப்பாரு."

ஆகவே, சார், உங்கள் இரண்டாவது பாட்டிலுக்கு நான் போட்ட கையெழுத்தும் தவறானது. அடுத்து வந்தவற்றிலும் எத்தனை தவறு என்று அக்கா சொல்ல மறுக்கிறார். நாற்பது வருடமாக, யாராவது 'பரவாயில்லை' என்று சொன்னால் அதை அப்படியே செய்தியில் எழுதியிருக்கிறேன். போன வாரத்திலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் கை நிற்கிறது. எதிரில் இருப்பவர் யாரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்கிறார் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வந்ததா, அக்காவிடமிருந்து வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. இனி என்னோடு இருக்கும்.

அக்கா உங்களைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் வேறு எவரிடமும் கேட்டு உறுதி செய்யப் போவதில்லை. அவர் துப்பியிருந்தால் நீங்கள் இன்னொரு அன்னாசி வாங்கியிருப்பீர்கள். அதுவும் போதாவிட்டால் மூன்றாவது. வாசலில் நிற்கும் உங்கள் முகத்தைப் பார்த்தபடி, மறுபேச்சில்லாமல் நானும் தின்றிருப்பேன்.